விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார்?

இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் அறிக்கையை வாங்குபவரின் கண் முதலில் போய் நிற்பது ஓர் எண்ணில்தான். இதயத்தின் கீழறையிலிருந்து முறை தவறி எழுந்த துடிப்புகள் 2,140 என்று அதில் அச்சாகியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னாலும் அன்றிரவு தூக்கம் வராது. இரண்டாயிரம் முறை தடுமாறிய இதயம் அடுத்த தடுமாற்றத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று மனம் குடைந்துகொண்டே இருக்கும். அறியாமையால் வரும் பயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதயநோய் வல்லுநர்களே பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை, திடீர் இதய மரணத்தின் ஆபத்தை அளக்கும் முறையையே மாற்றிவிட்டது.

அறிகுறி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இதயக் கோளாறால் உயிர் போவதைத் திடீர் இதய மரணம் என்று மருத்துவம் வரையறுக்கிறது. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசை சாகத் தொடங்குகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு, வலியோடு, வியர்த்துக் கொட்டியபடி மருத்துவமனை வந்து சேர்கிறார். திடீர் மரணத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது இதயத்தின் மின்னோட்டம். வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளைக் கடந்து, நடுவில் சிறு தாமதத்துக்குப் பின் கீழறைகளுக்குப் பாய்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இது நடக்கிறது. கீழறைகளில் இந்த ஒழுங்கு குலைந்து மின்னலைகள் தாறுமாறாகச் சுழலத் தொடங்கினால், தசை சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்கும். ரத்தம் வெளியேறாது. சில விநாடிகளில் நினைவு தப்பும். மனிதர்கள் திடீரென்று சாவதற்கு இந்தக் கீழறை நடுக்கமே காரணமாக இருக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பணியாற்றிய ஜான் மக்வில்லியம் 1889ஆம் ஆண்டே எழுதினார். ஈசிஜி கருவி மருத்துவமனைகளுக்கு வந்திராத காலம் அது. அவர் சொன்னதைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களில், கீழறையிலிருந்து முறை தவறி எழும் அந்த மிகைத் துடிப்புகள் அதிகம் உள்ளவர்களே அதிகமாகத் திடீரென்று இறக்கிறார்கள் என்று 1970களிலும் 80களிலும் பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மருந்து கொடுத்து அந்தத் துடிப்புகளை அடக்கினால் மரணமும் குறைய வேண்டும். கேட்பதற்கு மிக நேரான தர்க்கம். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரு மருந்துகள் மிகைத் துடிப்பை அழகாக அடக்கின. இருந்தாலும் உயிர் காக்கின்றனவா என்று நிரூபிக்க வேண்டுமே என்பதற்காக அமெரிக்காவில் ‘காஸ்ட்’ என்ற ஆய்வு நடந்தது. மருந்தால் துடிப்பு அடங்குகிறது என்று முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இத்தனை நல்ல மருந்து இருக்கும்போது நோயாளிக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் என்று கருதிய மருத்துவர்களும் இருந்தார்கள்.

1989இல் முடிவு வெளியானது. சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், வெற்று மாத்திரை எடுத்த 725 பேரில் இறந்தவர்கள் 22 பேர். அந்த இரு மருந்துகளில் ஒன்றை எடுத்த 730 பேரில் இறந்தவர்கள் 56 பேர். ஈசிஜி தாளில் கோடுகள் ஒழுங்காகிக்கொண்டே வந்தன, மனிதர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய எண்கள் இவை. யாரும் ஏமாற்றவில்லை. தீய நோக்கமும் இல்லை. நியாயமாகத் தோன்றிய ஓர் ஊகம், சோதிக்கப்படும்வரை உண்மைபோலவே உலவிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடுகிறது. தழும்பின் ஊடே அங்கங்கே உயிருள்ள இழைகள் மிஞ்சியிருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் தயங்கித் தயங்கி ஊர்ந்து, சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையே மீண்டும் தூண்டும். சுழற்சி உண்டாவதற்கு இந்தத் தயக்கமே போதும். சோடியம் வாயில்களை அடைக்கும் அந்த மருந்துகள், மிகைத் துடிப்பை அடக்கிய அதே வேளையில் மின்னோட்டத்தை இன்னும் மெதுவாக்கி, சுழற்சிக்கு வசதி செய்து கொடுத்தன. மிகைத் துடிப்பு ஒரு பொறி. ஈர வைக்கோலில் விழுந்தால் அணைந்து போகும். காய்ந்த வைக்கோற்போரில் விழுந்தால் ஊரையே எரிக்கும். போர் காய்ந்திருக்கிறதா என்று பாராமல் பொறியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது அந்தத் தலைமுறை.

அதனால்தான் இன்று ஹோல்டர் அறிக்கையோடு வருபவரிடம் நல்ல மருத்துவர் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. இதயத்தின் கட்டமைப்பு எப்படி இருக்கிறது என்று எக்கோ எடுத்துப் பார்க்கிறார். தசை நன்றாக இருந்து, மயக்கம் போட்டு விழுந்த வரலாறு இல்லாமல், குடும்பத்திலும் இளவயது மரணம் எதுவும் இல்லாமல் இருந்தால், மிகைத் துடிப்புகள் பெரும்பாலும் தொல்லையே தவிர ஆபத்தில்லை. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஹோல்டர் மாட்டினால் பலரிடம் ஒன்றிரண்டாவது தென்படும். ஒரு விதிவிலக்கு உண்டு. மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மிகைத் துடிப்பாகவே இருந்தால், நாளடைவில் இதயமே தளர்ந்துபோகலாம். அதை மருந்தாலோ, கோளாறான இடத்தைச் சுட்டு அடைக்கும் அப்லேஷன் சிகிச்சையாலோ சரிசெய்யலாம். பெரும்பாலும் இதயம் பழைய வலுவுக்குத் திரும்பிவிடுகிறது.

மேலறைகளில் பிறக்கும் கோளாறுகளைப் பற்றிய பயமும் பல வீடுகளில் தேவைக்கு மேல் இருக்கிறது. திடீரென்று நிமிடத்துக்கு 180 என்று ஓடி, திடீரென்று நின்றுவிடும் எஸ்விடி பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. மேலறை நடுக்கத்தின் பெரிய ஆபத்து பக்கவாதம்; அந்த வாய்ப்பு உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை வேண்டும். நடுவில் நிற்பது, மூன்று மருத்துவர்களின் பெயரால் 1930 முதல் அறியப்படும் வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் கோளாறு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கும். மேலறை நடுங்கும்போது அந்த வேகம் முழுவதும் குறுக்குவழியாகக் கீழறைக்கு இறங்கினால் உயிருக்கு ஆபத்து. குறுக்குவழி எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை அளக்க முடியும். அந்த நடுக்கத்தின்போது குறுக்குவழியாக வரும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட மிகக் குறைந்த நேரம் 250 மில்லி விநாடி அல்லது அதற்கும் கீழ் என்றால் ஆபத்து அதிகம். உடற்பயிற்சிச் சோதனையில் வேகம் கூடியதும் குறுக்குவழி சட்டென்று மறைந்துவிட்டால் ஆபத்து குறைவு. அப்லேஷனில் அந்த வழியையே சுட்டு அடைத்துவிடலாம். ஆபத்தை அளந்து, அதை அடியோடு நீக்கவும் முடிகிற இப்படிப்பட்ட நோய்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

இனி, மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள். இவர்களுக்குப் பெரிய அளவுகோல் எக்கோவில் வரும் ஓர் எண். மருத்துவமனை வராந்தாக்களில் ‘அப்பாவுக்குப் பம்பிங் முப்பதுதான் இருக்காம்’ என்று பேசிக்கொள்வார்களே, அதுதான். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. நலமான இதயத்தில் 55க்கு மேல் இருக்கும். 35க்குக் கீழே இறங்கினால் திடீர் மரணத்தின் ஆபத்து கூடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஐசிடி கருவி. தோளுக்குக் கீழே தோலடியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு துடிப்பையும் கவனித்து, கீழறை நடுங்கினால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். போலந்தில் பிறந்த மிஷேல் மிரோவ்ஸ்கி, தமக்கு வழிகாட்டியாக இருந்த மருத்துவர் 1966இல் இதே கோளாறால் இறந்ததைப் பார்த்தபின் இதில் இறங்கினார். மிகைத் துடிப்புகளுக்குத் தரவரிசை வகுத்த பெர்னார்ட் லவுன் போன்ற பெரியவர்கள் இந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1980 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

கருவி உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. யாருக்குப் பொருத்துவது என்பதில்தான் சிக்கல். மாரடைப்புக்குப் பின் பம்பிங் 30 அல்லது அதற்குக் கீழே இருந்த 1,232 பேரை வைத்து நடந்த இரண்டாம் மேடிட் ஆய்வு 2002இல் வெளிவந்தது. சராசரியாக இருபது மாதங்களில், கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள். கருவி வைத்தவர்களில் 14.2 சதவீதம். மரண வாய்ப்பு 31 சதவீதம் குறைந்தது என்று தலைப்புச் செய்தி போடலாம், பொய்யில்லை. அதையே நூறு பேரை நிற்கவைத்து எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்துக்குள் எண்பது பேர் கருவி இல்லாமலே பிழைத்திருப்பார்கள். பதினான்கு பேர் கருவி இருந்தும் இறந்திருப்பார்கள். கருவியால் உயிர் தப்பியவர்கள் ஐந்து ஆறு பேர். அந்த ஐந்து ஆறு பேர் யார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால் எல்லாம் எளிதாகிவிடும். பம்பிங் எண்ணால் அதைச் சொல்ல முடியாது. அது குழுவைக் காட்டும், ஆளைக் காட்டாது.

2016இல் டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ் ஆய்வு இன்னொரு பாடம் சொன்னது. மாரடைப்பு அல்லாத காரணங்களால் இதயம் தளர்ந்த 1,116 பேரைப் பார்த்தார்கள். கருவி வைத்தவர்களிடம் திடீர் மரணம் 8.2 சதவீதத்திலிருந்து 4.3 ஆக, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த மரணம் பெரிதாகக் குறையவில்லை: 23.4 இருந்த இடத்தில் 21.6. வயது கூடியவர்கள் இதயச் செயலிழப்பாலும் வேறு நோய்களாலும் இறந்தார்கள். இளையவர்களுக்குப் பலன் தெரிந்தது. ஆபத்தைக் கணிக்கும்போது திடீரென்று இறப்பாரா என்ற கேள்வியோடு, அதைத் தடுத்தால் எத்தனை ஆண்டு நலமாக வாழ்வார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மாரடைப்பு வந்த உடனே ஐசிடி பொருத்தினால் மொத்த மரணம் குறைவதில்லை என்றும் தெரியவந்தது. அதனால்தான் குறைந்தது 40 நாள் காத்திருந்து, மருந்துகளைக் கொடுத்து, பம்பிங்கை மறுபடி அளக்கிறார்கள். பலருக்கு அதற்குள் எண் ஏறிவிடும். அவசரப்படுத்தும் உறவினர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கருவிக்குச் சில லட்ச ரூபாய் ஆகும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேட்டரிக்காக மாற்ற வேண்டும், தொற்று வரலாம், தேவையில்லாத நேரத்தில் ஷாக் அடிக்கலாம். நினைவோடு இருக்கும்போது ஷாக் வாங்கியவர்கள் அதன் பயத்திலிருந்து மீள நாளாகும்.

இந்தத் துறையின் மிகப் பெரிய புதிரைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக, ஒரு லட்சம் பெரியவர்கள் வாழும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேருக்கு இதயம் மிகவும் தளர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து சதவீத ஆபத்து. அங்கே 25 மரணம். மீதி 99,500 பேருக்கு ஆளுக்கு மிகச் சிறிய ஆபத்துதான், ஆயிரத்தில் முக்கால். ஆனால் கூட்டிப் பார்த்தால் அங்கே சுமார் 75 மரணம். எல்லாக் கருவிகளையும் முதல் 500 பேருக்குப் பொருத்திவிட்டாலும் முக்கால்வாசி மரணம் நம் வலைக்கு வெளியேதான் நடக்கும். இதை அமெரிக்க இதயநோய் வல்லுநர் ராபர்ட் மையர்பர்க் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார். திடீரென்று இறந்தவர்களின் பழைய எக்கோக்களைத் தேடி எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும், பம்பிங் 35க்குக் கீழே இருந்தவர்கள் சிறுபான்மைதான். பலருக்கு அந்த மரணமே இதயநோயின் முதல் அறிகுறி. தழும்பு எவ்வளவு, எங்கே என்று எம்ஆர்ஐ மூலம் பார்ப்பது இந்த இடைவெளியை நிரப்பும் என்று ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது. தசையின் வலுவைவிடத் தசையின் தழும்பு, மின் சுழற்சிக்கு இன்னும் நெருங்கிய சாட்சி.

இதுவரை பேசியது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களைப் பற்றி. இளையவர்களின் மரணம் வேறு வகை. பலருக்கு எக்கோ நன்றாக இருக்கும். ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும். இறந்தபின் பிரேதப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது. செல் சவ்வில் உப்புகள் வந்துபோகும் நுண்ணிய வாயில்களில் பிறவிக் குறை. இங்கே எந்தக் கருவியையும் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்வது ஒரு கேள்வி: விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார்?

நீண்ட க்யூடி என்ற நோயை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை மின்னளவில் தன்னை மீட்டுக்கொள்ள எடுக்கும் நேரம் ஈசிஜியில் க்யூடி இடைவெளியாகத் தெரிகிறது. சுமார் இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இது பிறவியிலேயே நீண்டிருக்கிறது. துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லி விநாடியைத் தாண்டினால் ஆபத்து தெளிவாகவே அதிகம். இதன் முதல் வகையில் ஓடும்போது, குறிப்பாக நீந்தும்போது மயக்கம் வரும். இரண்டாம் வகையில் அலாரமோ தொலைபேசியோ திடீரென்று ஒலித்தால் வரும். பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களும் ஆபத்தானவை. மூன்றாம் வகையில் ஓய்விலும் தூக்கத்திலும். எந்தச் சூழலில் விழுந்தார் என்பதை வைத்தே எந்த மரபணு என்று ஊகிக்கும் அளவுக்கு இந்த வேறுபாடு துலக்கமானது. ‘நன்றாக நீந்தத் தெரிந்தவன், கிணற்றில் எப்படி மூழ்கினான் என்றே தெரியவில்லை’ என்று ஒரு குடும்பத்தில் பேச்சு இருந்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விளையாட்டு மைதானத்திலோ பள்ளி மேடையிலோ பையன் விழுகிறான். கை கால் வெட்டி இழுக்கிறது. சுற்றி நிற்பவர்கள் ஓடிவந்து கையில் சாவிக் கொத்தைத் திணிக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். வலிப்பு என்று முடிவாகி, ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை ஓடுகிறது. மூளைக்கு ரத்தம் போகாத சில விநாடிகளில் உடல் வெட்டி இழுப்பது இயல்பு. காரணம் இதயமாகவும் இருக்கலாம். அட்ரினலின் ஏறும்போது மட்டும் வெளிப்படும் சிபிவிடி என்ற நோயில் சாதாரண ஈசிஜி முற்றிலும் ஒழுங்காக இருக்கும். டிரெட்மில்லில் ஓடவைத்தால்தான் தெரியும். வலிப்பு என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு ஈசிஜியாவது எடுத்து, க்யூடியை அளந்து பார்க்க வேண்டும் என்பதை நான் மன்றாடியே கேட்பேன். மிக மலிவான சோதனை அது. கண்டுபிடித்துவிட்டால் பீட்டா பிளாக்கர் மாத்திரையே பலரைக் காப்பாற்றுகிறது. சில ஆண்டிபயாடிக்குகளும் மனநோய் மருந்துகளும் க்யூடியை நீட்டக்கூடியவை. டெர்ஃபெனடின் என்ற பிரபலமான ஒவ்வாமை மருந்து இந்தக் காரணத்தால்தான் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இவர்களுக்கு விளையாட்டல்ல.

தூக்கத்தில் போகும் நோய் ஒன்றும் உண்டு. 1970களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும், லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன மோங் இன இளைஞர்கள் இரவில் முனகிக்கொண்டே இறந்தார்கள். தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் ஜப்பானிலும் இத்தகைய மரணங்களுக்கு ஊர்வழக்கில் தனித்தனிப் பெயர்களே இருந்தன. பெத்ரோ ப்ருகாதா, ஜோசெப் ப்ருகாதா என்ற சகோதரர்கள் 1992இல் எட்டு நோயாளிகளின் ஈசிஜியில் கண்ட விசித்திர வடிவமும் இந்த மரணங்களும் ஒன்றே என்று பின்னர் தெரிந்தது. வடிவம் தானாகவே ஈசிஜியில் தெரிந்து, காரணமில்லாத மயக்கமும் வந்திருந்தால் ஐசிடி. எந்த அறிகுறியும் இல்லாமல், தற்செயலாக வடிவம் மட்டும் தெரிந்தவருக்கு என்ன செய்வது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. காய்ச்சல் வந்தால் அந்த வடிவம் வெளிப்படும், ஆபத்தும் ஏறும். எனவே இவர்கள் காய்ச்சலை உடனே குறைத்தாக வேண்டும்.

ஐநூறு பேரில் ஒருவருக்கு இருக்கும், இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்க்கு ஒரு கணிப்பு முறையே வந்துவிட்டது. 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 3,675 நோயாளிகளின் தரவிலிருந்து அதை உருவாக்கினார்கள். வயது, தசையின் அதிகபட்சத் தடிமன், இடது மேலறையின் அளவு, ரத்தம் வெளியேறும் பாதையின் அழுத்த வேறுபாடு, குடும்பத்தில் திடீர் மரணம், ஹோல்டரில் தொடர்ந்தாற்போல் வரும் வேகத் துடிப்புகள், காரணமில்லாத மயக்கம் ஆகிய ஏழையும் கொடுத்தால் ஐந்து ஆண்டுக்கான ஆபத்து சதவீதமாக வரும். ஆறும் அதற்கு மேலும் என்றால் ஐசிடியை முன்வைப்பார்கள். நான்குக்குக் கீழே பொதுவாக வேண்டாம். நடுவில் இருப்பவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆறு சதவீதம் என்றால், நூறு பேரில் 94 பேருக்கு அந்த ஐந்து ஆண்டில் அப்படி எதுவும் நடக்காது என்றும் பொருள். இருபத்தைந்து வயது மகனுக்கு அந்த ஆறைக் கேட்கும் தாய்க்கும், எழுபது வயதில் தனக்கே கேட்டுக்கொள்பவருக்கும் அதே எண் வெவ்வேறாகத்தான் ஒலிக்கும். அதை மதிப்பது மருத்துவத்தின் பலவீனமல்ல.

மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு நம் நிலத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெருந்துறை தண்டபாணியும் அவரோடு சேர்ந்தவர்களும், இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றத்தைப் பற்றி 2009இல் எழுதினார்கள். தெற்காசியர்களில் சுமார் நான்கு சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. தசைநோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றாலும், அதைச் சுமக்கும் கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோர் இயல்பாக வாழ்ந்து முடிக்கிறார்கள். மரபணு தரும் தகவலும் வாய்ப்பு பற்றியதே, தீர்ப்பு அல்ல.

எல்லா இளைஞர்களுக்கும் ஈசிஜி எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு துயரச் செய்திக்குப் பிறகும் எழுகிறது. இத்தாலி அதைச் செய்து பார்த்தது. 1982 முதல் அங்கே போட்டி விளையாட்டில் இறங்குபவர்களுக்கு ஈசிஜியோடு பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம், ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 என்றிருந்தது கால் நூற்றாண்டில் 0.4 ஆகக் குறைந்தது என்று தொமேனிகோ கொராதோவின் குழு 2006இல் எழுதியது. பதுவா நகரில் பரிசோதிக்கப்பட்ட 42,386 வீரர்களில் 879 பேர் விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டார்கள். அத்தனை பேரும் இறந்திருக்கப் போகிறவர்கள் அல்லர். இஸ்ரேலும் 1997இல் இப்படிப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. அங்கே மரண விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை. என் தீர்ப்பு இது: எல்லோரையும் சலிப்பதைவிட, மயங்கி விழுந்தவர்களையும், இளவயதில் ஒருவரை இழந்த குடும்பங்களையும் ஒருவர் விடாமல் பார்ப்பது நமக்கு முதல் வேலை. அதைக்கூட நாம் இன்னும் செய்யவில்லை.

எவ்வளவு சலித்தாலும் ஒருசிலர் தப்பிவிடுவார்கள் என்பதற்கு கிறிஸ்டியன் எரிக்சன் சாட்சி. இத்தாலியின் இன்டர் மிலானுக்கு ஆடியவர், அந்நாட்டுப் பரிசோதனைகளைக் கடந்தவர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரிந்தார். அவரைக் காப்பாற்றியவை, உடனே தொடங்கிய நெஞ்சழுத்தமும் மைதானத்திலேயே கொடுத்த ஷாக்கும். ஐசிடி பொருத்திக்கொண்டு மறு ஆண்டே இங்கிலாந்தில் ஆடத் தொடங்கினார். நெஞ்சழுத்தம் இல்லாமல் ஷாக்குக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது. முன்கூட்டிக் கணிக்க முடியாத அந்த முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும் ஒரே வழி, பக்கத்தில் நிற்பவரின் கைகள்.

நம் நாட்டில் கொரோனாவுக்குப் பின் இளைஞர்களின் திடீர் மரணம் பற்றிப் பலவும் பரவின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்த 729 பேரை, அவர்களைப் போன்ற உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023இல் முடிவை வெளியிட்டது. கொரோனா தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுக்கு மீறிய குடி, போதைப் பொருள், கடுமையான உடலுழைப்பு ஆகியவை ஆபத்தோடு தொடர்புடையவையாக இருந்தன. வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திக்கு நடுவே, குடும்ப வரலாறு என்ற அந்த ஒரு வரி யார் காதிலும் விழாமல் போனது எனக்கு வருத்தம்.

எனவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா? தூக்கத்தில் போனவர், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர், வலிப்பு என்று சொல்லி மருந்துக்குக் கட்டுப்படாமல் போனவர், காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தை? அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பழைய ஈசிஜி இருக்கிறதா என்று தேடி எடுத்து வையுங்கள். அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்து, இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். ஓடும்போதோ, அதிர்ச்சியிலோ, படுத்திருக்கும்போதோ மயங்கி விழுந்தவரைச் சத்துக்குறைவு என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணெதிரே ஒருவர் சரிந்து, அசைவும் சரியான மூச்சும் இல்லாமல் கிடந்தால், 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் கோத்து வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, உதவி வரும்வரை விடாமல் அழுத்துங்கள்.